முள்ளும் கியரும் ஒரே நொடியில விழுந்தா

மொத தடவ நடந்தப்போ ரோடு காலியா இருந்துச்சு, 60ல போய்ட்டு இருந்தேன். திடீர்னு ஸ்பீடோமீட்டர் முள்ளு படக்குனு சைபர்ல போய் விழுந்துச்சு, அதே நொடியில அடியில இருந்து டம்முனு ஒரு இடி, எஞ்சின் சத்தம் ஏறுது, ஆர்பிஎம் 2000ல இருந்து 2800க்கு தாவுது, யாரோ பின்னாடி இருந்து புடிச்சு இழுத்த மாதிரி வண்டி ஒரு உலுக்கு உலுக்குச்சு. நாலஞ்சு செகண்டு கழிச்சு முள்ளு தானா எழும்பி 50ல வந்து நின்னுச்சு. ஆனா கியர் மட்டும் திரும்பல, மூணாவதுலயே மாட்டிக்கிச்சு. அடுத்த சிக்னல்ல நின்னு கிளம்புறப்போ இழுவையே இல்ல, ஆக்ஸிலேட்டர மிதிச்சா எஞ்சின் முனகுது, வண்டி நகர மாட்டேங்குது. ஓரமா நிறுத்தி ஆஃப் பண்ணி ஒரு நிமிஷம் கழிச்சு ஸ்டார்ட் பண்ணேன். ஒண்ணுமே நடக்காத மாதிரி ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னு வழுக்கிட்டு மாறுச்சு.

மூணு நாள் ஒண்ணும் இல்ல. நாலாவது நாள் திரும்ப வந்துச்சு. அப்புறம் ஒரு வாரம் சத்தமே இல்ல, அப்புறம் ஒரே நாள்ல ரெண்டு தடவ. பழைய வண்டி வச்சிருக்கவங்களுக்கு இந்த மாதிரி வந்து வந்து போற கோளாறு மாதிரி ஒரு வேதன வேற கிடையாது. ஒரேயடியா கெட்டுப்போனா கண்டுபுடிச்சு மாத்திடலாம், இது எப்ப வரும்னு தெரியாம ஒவ்வொரு தடவ சாவி போடும்போதும் வயித்துல ஒரு பயம். லாரி பின்னாடி வரும்போது கியர் விழுந்தா என்ன ஆகும்னு யோசிச்சு யோசிச்சே ஓட்டுவேன்.

வண்டி 1999 மாடல், 4 கியர் ஆட்டோமேட்டிக், 2 லட்சத்து 10 ஆயிரம் கிலோமீட்டர் ஓடிருக்கு. அப்பா வாங்கி ஓட்டி எனக்கு குடுத்தது. அதனால "வயசாயிடுச்சு, தள்ளிவிட்டுடு"ன்னு சொல்றவங்க பேச்ச நான் காதுல போட்டுக்கல.

ஒர்க்‌ஷாப்புக்கு கொண்டு போனேன். மெக்கானிக் அண்ணன் ரெண்டு ரவுண்டு ஓட்டிப் பாத்தாரு, ரெண்டு ரவுண்டும் வண்டி சமத்தா ஓடுச்சு. நான் வாயால சொன்னத மட்டும் வச்சு, "கியர்பாக்ஸ் போயிடுச்சு தம்பி, இறக்கி மொத்தமா பிரிச்சு ஓவராயில் பண்ணனும்"னாரு. "அப்ப ஸ்பீடோமீட்டர் முள்ளு ஏன்ணே விழுது?"ன்னு கேட்டேன். "அது வேற கம்ப்ளெயின்ட், மீட்டர் பழசு, அத அப்புறம் பாத்துக்கலாம்"னு சொன்னாரு. அங்கதான் எனக்கு இடிச்சுது. ரெண்டு தனித்தனி வியாதி, ரெண்டும் ஒரே நொடியில வருது, ஒவ்வொரு தடவையும் சேர்ந்தே வருது, அது எப்படி? ஒரு தடவன்னா தற்செயல்னு விடலாம், அஞ்சு தடவ அப்படி நடந்தா ரெண்டுக்கும் பொதுவா எங்கயோ ஒரு இடம் இருக்குன்னு தான அர்த்தம். அந்த இடத்த பாக்காம கியர்பாக்ஸ்ல கை வைக்க விடக்கூடாதுன்னு முடிவு பண்ணி வண்டிய திருப்பி எடுத்துட்டு வந்துட்டேன்.

மொதல்ல கியர் ஆயில் பாத்தேன். எஞ்சின் நல்லா சூடாகி, ஐடிலிங்ல ஓடிட்டு இருக்கும்போதே, பார்க்ல வச்சு டிப்ஸ்டிக் எடுத்து பாக்கணும், முக்காவாசி ஆட்டோமேட்டிக்ல அப்படித்தான். வெள்ளத் துணியில தொடச்சு பாத்தா செவப்பா, தெளிவா இருந்துச்சு, லெவல் கரெக்ட், கருகுன வாசன இல்ல, துணியில கருப்பு துகள் இல்ல. உள்ள க்ளட்ச் பிளேட்டு தேஞ்சு வழுக்குற கியர்பாக்ஸோட ஆயில் இப்படி இருக்காது, பழுப்பா மாறி கருகல் நாத்தம் அடிக்கும். இது மட்டும் வச்சு கியர்பாக்ஸ் நூறு சதம் நல்லாருக்குன்னு சொல்லிட முடியாதுதான், ஆனா ஓவராயிலுக்கு அவசரப்பட வேணாம்னு சொல்ல இது போதும்.

இப்ப அந்த பொது இடம் என்னன்னு பாப்போம். எலக்ட்ரானிக் கன்ட்ரோல் உள்ள ஆட்டோமேட்டிக்ல எப்ப எந்த கியர் போடணும்னு முடிவு பண்றது கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர். அதுக்கு முக்கியமா ரெண்டு விஷயம் தெரியணும்: நீங்க ஆக்ஸிலேட்டர எவ்ளோ மிதிச்சிருக்கீங்க, வண்டி எவ்ளோ வேகத்துல போகுது. வேகத்த சொல்றது கியர்பாக்ஸ் மேல மாட்டிருக்குற ஒரு சின்ன சென்சார். உள்ள, சக்கரத்துக்கு சுழற்சிய அனுப்புற அவுட்புட் ஷாஃப்ட்ல இருக்குற பல்லு சக்கரம் சுத்தும்போது ஒவ்வொரு பல்லும் சென்சார் முன்னாடி கடந்து போகும், ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு துடிப்பு, கம்ப்யூட்டர் அத எண்ணி வேகத்த கணக்கு போடும். என் வண்டியில அதே சென்சார் சிக்னல்தான் டேஷ்போர்டு முள்ளுக்கும் போகுது. எல்லா வண்டியிலயும் இப்படி இல்ல. சில வண்டியில கியருக்கு ஒண்ணு, மீட்டருக்கு ஒண்ணுன்னு ரெண்டு சென்சார் இருக்கும், புது வண்டியில ஏபிஎஸ் சக்கர சென்சார்ல இருந்தே வேகத்த எடுத்துக்கும். அதனால உங்க மாடலோட வயரிங் படத்த பாக்காம எதையும் கழட்டாதீங்க.

ஓடிட்டு இருக்கும்போது அந்த சிக்னல் அறுந்தா, எஞ்சின் 2000 ஆர்பிஎம்ல சுத்துது ஆனா வண்டி வேகம் சைபர்னு கம்ப்யூட்டருக்கு தெரியுது. அதால நம்ப முடியாத தகவல். உடனே பாதுகாப்பு நிலைக்கு போயிடும், லிம்ப் மோடுன்னு சொல்வாங்க. கியர் மாத்துற வேலைய நிறுத்திட்டு ஒரே கியர்ல, பெரும்பாலும் ரெண்டு இல்ல மூணுல, பூட்டிடும். உள்ள ஆயில் பிரஷரையும் முழுசா ஏத்திடும், க்ளட்ச் வழுக்கி கருகிடக்கூடாதுன்னு. அந்த டம்முங்குற இடி அந்த முழு பிரஷர்ல கியர் விழுற சத்தம். கேக்குறப்போ கியர்பாக்ஸே உடைஞ்ச மாதிரி இருக்கும், உண்மையில அது தன்ன காப்பாத்திக்குற சத்தம். ஆஃப் பண்ணி ஆன் பண்ணா கம்ப்யூட்டர் புதுசா ஆரம்பிக்கும், சிக்னலும் அந்நேரம் வந்திருந்தா எல்லாம் சரியாயிடும். எனக்கு நடந்தது அச்சு அசல் இதுதான்.

முள்ள பத்தி கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா அது எப்படி விழுதுங்குறதுலயே பாதி விஷயம் இருக்கு. கேபிள் ஓட்டுற பழைய ஸ்பீடோமீட்டர்னா, கேபிள் உள்ள கிரீஸ் காஞ்சிருந்தா முள்ளு குதிக்கும், 40க்கும் 60க்கும் நடுவுல ஆடிட்டே இருக்கும், கூடவே டேஷ்போர்டுக்குள்ள ஒரு கிறீச் சத்தம். பிளாஸ்டிக் பல்லு சக்கரம் தேஞ்சிருந்தா விட்டு விட்டு வேல செய்யும், கடைசியில மொத்தமா நின்னுடும். எலக்ட்ரானிக் மீட்டர்ல அப்படி இல்ல. சிக்னல் அறுந்தா நேரா சைபர், நடுவுல எங்கயும் நிக்காது. வண்டி நிக்கும்போதே முள்ளு 10, 20ன்னு காட்டுச்சுன்னா சிக்னல் வயர்ல வேற எங்கிருந்தோ இரைச்சல் கலக்குது, எர்த் சரியில்ல, இல்லன்னா பேட்டரிய சார்ஜ் பண்ற ஆல்டர்னேட்டர்ல டயோடு போய் கரண்டுல அலை வருதுன்னு யோசிக்கணும். எஞ்சின் ஓடும்போது பேட்டரி மேல மல்டிமீட்டர ஏசி வோல்ட்ல வச்சு பாத்தா அர வோல்டுக்கு மேல காட்டுனா ஆல்டர்னேட்டர சந்தேகப்படலாம். முள்ளு விழுந்து ஆனா கிலோமீட்டர் எண்ணிக்கை மட்டும் ஓடிட்டே இருந்தா கோளாறு பெரும்பாலும் மீட்டருக்குள்ளயே இருக்கும். பழைய மீட்டர் போர்டுல சால்டரிங் விரிசல் விடுறது ரொம்ப சகஜம், டேஷ்போர்டுல ஒரு தட்டு தட்டுனா உயிர் வரும். அதுல கியர் பாதிக்காது. என் வண்டியில முள்ளு நேரா சைபர், கிலோமீட்டர் எண்ணிக்கையும் நிக்குது, கியரும் விழுது. அப்ப மீட்டர் குற்றவாளி இல்ல, அதுக்கு வர்ற தகவல்லதான் கோளாறு.

ஒரு சின்ன நோட்டு வாங்கி வண்டியில போட்டேன். ஒவ்வொரு தடவ வரும்போதும் ஓரமா நிறுத்தி எழுதுவேன்: நேரம், கிளம்பி எத்தன நிமிஷம், என்ன வேகம், கால் ஆக்ஸிலேட்டர்ல இருந்துச்சா இல்லையா, ரோடு எப்படி, மழையா வெயிலா. இத செய்யணும்னு எல்லாருக்கும் கைய புடிச்சு சொல்வேன், ஞாபகத்த நம்பாதீங்க, ஞாபகம் நாம நம்புறத மட்டும் வச்சுக்கும். எனக்கு "சூடானாதான் வருது"ன்னு ஒரு நெனப்பு இருந்துச்சு. பதினோரு தடவ எழுதி முடிச்சு பாத்தா, அதுல நாலு தடவ கிளம்பி அஞ்சு நிமிஷத்துக்குள்ள வந்திருக்கு. ஆனா பதினொண்ணுல ஒன்பது தடவ, காலை ஆக்ஸிலேட்டர்ல இருந்து எடுத்தப்போ இல்ல திரும்ப மிதிச்சப்போ வந்திருக்கு. இத எழுதாம இருந்திருந்தா சத்தியமா கவனிச்சிருக்க மாட்டேன். ஆனா அதோட அர்த்தம் எனக்கு அப்ப புரியல.

வண்டி கம்ப்யூட்டர்ல பதிவான கோளாற படிக்கிற ஓபிடி ஸ்கேனர் ஒண்ணு கடன் வாங்கி மாட்டுனேன். அமெரிக்காவுல 1996 மாடல்ல இருந்தே ஓபிடி-2 கட்டாயம், மத்த இடங்கள்ல பின்னாடிதான் வந்துச்சு, என் வண்டியில நல்லவேளையா இருந்துச்சு. பி0720ன்னு ஒரு கோளாறு கோடு (code) பதிவாகி இருந்துச்சு. அவுட்புட் ஸ்பீடு சென்சார் சர்க்யூட். இதுல கடைசி வார்த்தைய யாரும் படிக்கிறதில்ல. சர்க்யூட்னா சென்சார், கனெக்டர், ரெண்டு வயர், எர்த், கம்ப்யூட்டர் எல்லாம் சேந்தது. நானும் அந்த வார்த்தைய தாண்டிட்டு நேரா சென்சார் வாங்கிட்டேன்.

பழச கழட்டுறதுக்கு முன்னாடி டெஸ்ட் பண்ணதுல நல்ல ரீடிங்தான் வந்துச்சு. ரெண்டு வயர் உள்ள காந்த வகை சென்சார், உள்ள சுருள் கம்பி, ரெண்டு பின்னுக்கும் நடுவுல 620 ஓம்ஸ், என் மாடலுக்கு சொல்லிருக்குற அளவுக்குள்ள. மூணு வயர் வகைன்னா ஓம்ஸ் பாத்து பிரயோஜனம் இல்ல, அதுக்கு கரண்டு வரணும், எர்த் வரணும், மூணாவது வயர்ல துடிப்பு வரணும், அத தனித்தனியா பாக்கணும். காந்த வகைய ஓட விட்டும் பாக்கலாம். பின்சக்கரத்துக்கு கட்டை குடுத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, ஒரே ஒரு முன்சக்கரத்த மட்டும் ஜாக்கியில தூக்கி கண்டிப்பா ஸ்டாண்டு வச்சு, நியூட்ரல்ல போட்டு, மல்டிமீட்டர ஏசி வோல்ட்ல வச்சு சென்சார்ல மாட்டி அந்த சக்கரத்த கையால சுத்துனா வோல்ட் எழும்பும், வேகமா சுத்துனா இன்னும் ஏறும். முன்சக்கரம் இழுக்குற வண்டிக்கு இது சரியா வரும். என் சென்சார் இதுலயும் பாஸ். ஆனாலும் சூட்டுல உள்ள கம்பி விட்டுப்போகலாம்னு ஒரு சந்தேகம், அதனால மாத்திட்டேன். பழைய சென்சார் முனையில காந்தத்துல ஒட்டுன மெல்லிய இரும்புத்தூள் விழுது மாதிரி படிஞ்சிருந்துச்சு, அவ்ளோதான், பல்லு உடைஞ்ச துண்டு எதுவும் இல்ல. 24 வருஷ வண்டிக்கு அது ரொம்ப நல்ல செய்தி.

ஒன்பது நாள் வண்டி அருமையா ஓடுச்சு. ஜெயிச்சுட்டேன்னு அப்பாவுக்கு போன் பண்ணி சொன்னேன். பத்தாவது நாள் முள்ளு விழுந்துச்சு.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. படுத்து யோசிச்சப்போதான் ஒண்ணு புரிஞ்சுது. சென்சார மாத்துனப்போ நான் சென்சார மட்டும் மாத்தல. கனெக்டர புடிச்சு இழுத்து கழட்டுனேன், வயர மடக்கி ஓரமா வச்சேன், திரும்ப அழுத்தி மாட்டுனேன். அந்த அசைவுல ஏதோ ஒண்ணு நல்லா தொட்டுக்கிட்டு ஒன்பது நாள் வேல செஞ்சிருக்கு. லூஸ் கான்டாக்ட் கோளாறுல இதுதான் ஏமாத்துற இடம். தொட்டாலே சரியாயிடும், சரியானதும் எத மாத்துனோமோ அதுதான் காரணம்னு நம்பிடுவோம். கோளாறு இருக்கும்போதே அத பாக்கணும், நம்ம கையால வரவைக்கவும் போகவைக்கவும் முடியணும், அதுவரைக்கும் கண்டுபுடிச்சோம்னு சொல்லக்கூடாது.

அடுத்த ஞாயித்துக்கெழம பேட்டரி எர்த்த கழட்டிட்டு கம்ப்யூட்டர் பக்கத்து கனெக்டர்ல இருந்து ஆரம்பிச்சேன். வயரிங் படத்துல இருந்த ரெண்டு பின்னுல மல்டிமீட்டர வச்சா சென்சாரும் மொத்த வயரும் சேந்து ஒரே அளவா தெரியும். 621 ஓம்ஸ். அழகா நிக்குது. ஹார்னஸ, அதாவது அந்த வயர் கட்ட, அங்கங்க அசைச்சா நம்பர் ஆடுற மாதிரி இருக்கு, ஆனா டிஜிட்டல் மீட்டர் மெதுவா மாறுறதால ஒரு நொடி விட்டுப்போனா கண்ணுக்கு தப்பிடும். காதால கேக்குற பீப் வசதி இருக்கே, அது 620 ஓம்ஸுக்கு கத்தாது, குறைஞ்ச ஓம்ஸுக்குத்தான் கத்தும். அதனால கீழ போய் சென்சார கழட்டி, கனெக்டரோட ரெண்டு பின்னையும் ஒரு துண்டு வயரால இணைச்சுட்டேன். இப்ப மேல பீப் தொடர்ந்து கத்துது. எங்க வயர் விடுதோ அங்க சத்தம் நிக்கணும்.

மீட்டர கத்த விட்டுட்டு கீழ படுத்து ஹார்னஸ ஒரு சாண் ஒரு சாணா அசைச்சுட்டே வந்தேன். எஞ்சினுக்கும் வண்டி உள்பக்கத்துக்கும் நடுவுல இருக்குற ஃபயர்வால் தகடு பக்கம் ஒண்ணுமில்ல. பேட்டரி தட்டுக்கு கீழ ஒண்ணுமில்ல. கியர்பாக்ஸ் மேல வர்ற வளைவு, ஒண்ணுமில்ல. கனெக்டருக்கு மூணு விரல் தள்ளி தொட்டதும் பீப் நின்னுச்சு. கைய எடுத்தேன், கத்துச்சு. திரும்ப தொட்டேன், நின்னுச்சு. எத்தன தடவ பண்ணேன்னு தெரியல, கண்ணுல தண்ணியே வந்துடுச்சு, அவ்ளோ நாள் ஓடி ஒளிஞ்சது கை விரலுக்குள்ள இருக்கு.

வெளிய பாத்தா அந்த வயர்ல ஒரு கீறல் கூட இல்ல. ரெண்டு விரலால மெதுவா இழுத்தேன், அந்த ஒரு இடம் மட்டும் ரப்பர் மாதிரி நீளுது. நல்ல வயர் நீளாது, உள்ள செம்பு இருக்கு. தோல மட்டும் இழுத்தா நீளும். பிளேடால கீறி பாத்தா உள்ள இழைங்க எல்லாம் அறுந்து, முனை பச்ச பூத்து, ரெண்டு முனையும் ஒண்ண ஒண்ணு இடிச்சுட்டு நிக்குது. தொட்டா கரண்டு போகும், விலகுனா போகாது.

ஏன் அந்த இடத்துல? ஹார்னஸ புடிச்சிருக்க வேண்டிய கிளிப்பு உடைஞ்சு காணாம போயிருந்துச்சு, அதனால வயர் அந்த ஒரே புள்ளியில மடங்கி மடங்கி நிமிந்திருக்கு. எது மடக்குச்சு? பானட்ட திறந்து வச்சு, பிரேக்க நல்லா மிதிச்சுட்டு டிரைவ்ல போட்டு லேசா ஆக்ஸிலேட்டர தொட சொல்லி தம்பிய உக்கார வச்சு நான் பக்கவாட்டுல தள்ளி நின்னு பாத்தேன், நேரா முன்னாடி மட்டும் யாரும் நிக்கக்கூடாது. எஞ்சின் மொத்தமா பின்னாடி சாயுது, கால எடுத்தா முன்னாடி விழுது. எஞ்சின வண்டி பாடியோட தாங்கிப் புடிக்கிற ஒரு எஞ்சின் மவுன்ட் ரப்பர் கிழிஞ்சு போயிருந்துச்சு. அப்பதான் நோட்டுல இருந்த அந்த ஒன்பது வரியோட அர்த்தம் புரிஞ்சுது: மிதிச்சா எஞ்சின் சாயும், விட்டா திரும்பும், ஒவ்வொரு தடவையும் அந்த வயர் இழுபடும்.

ரிப்பேர் பண்றப்போ ரெண்டு வயரையும் நல்ல செம்பு தெரியுற வரைக்கும் பின்னாடி வெட்டிட்டு, அதே தடிமன்ல புது துண்டு சேத்தேன். சால்டரிங் வைக்கல, கிரிம்ப் போட்டேன், அதாவது ஒரு சின்ன உலோகக் குழாய்க்குள்ள வயர விட்டு நசுக்கி இணைக்கிறது. சால்டரிங் வச்சா ஈயம் இழைக்குள்ள ஊறி அந்த இடம் கம்பி மாதிரி விறைச்சுக்கும், ஆட்டம் இருக்குற இடத்துல அதோட ஓரத்துலயே திரும்ப ஒடியும். கிரிம்ப் மேல உள்ள பசை இருக்குற, சூடு பட்டா சுருங்குற ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு சுட்டா தண்ணி போகாது. ரெண்டு ஜாயின்ட்டும் பக்கம் பக்கமா வராம ஒண்ணு முன்ன ஒண்ணு பின்ன வச்சேன். இன்னொண்ணு, அந்த ரெண்டு வயரும் ஒண்ணுக்கொண்ணு முறுக்கி இருக்கும், இரைச்சல் கலக்காம இருக்க. புது துண்டையும் அதே மாதிரி முறுக்குனேன். கொஞ்சம் தாராளமா ஒரு வளைவு விட்டு புது கிளிப்பு போட்டு கட்டிட்டு, அடுத்த வாரம் மவுன்ட்ட மாத்துனேன். மவுன்ட்ட மாத்தாம வயர மட்டும் சரி பண்ணிருந்தா இன்னும் கொஞ்ச மாசத்துல அதே இடத்துல வந்து நின்னுருப்பேன்.

கோட அழிச்சுட்டு, ஸ்கேனர்ல லைவ் டேட்டா வச்சு ரெண்டு மணி நேரம் ஓட்டுனேன். தம்பி பக்கத்துல உக்காந்து ஸ்கேனர் வேகத்தையும் முள்ளையும் மாத்தி மாத்தி சொல்லிட்டே வந்தான். ஏத்தம், இறக்கம், திடீர்னு மிதிக்கிறது, திடீர்னு விடுறது எல்லாம் பண்ணோம். ரெண்டு நம்பரும் ஒரு தடவ கூட பிரியல.

இது நடந்து ஏழு மாசம், 6,400 கிலோமீட்டர் ஆச்சு. நோட்டு இன்னும் டேஷ்போர்டு பெட்டியிலதான் இருக்கு, பதினாறாவது வரிக்கு அப்புறம் காலி. பழைய சென்சார தொடச்சு ஒரு கவர்ல போட்டு டிக்கியில வச்சிருக்கேன், அது நல்ல சென்சார், என்னிக்காவது தேவைப்படும்.